கரையும் துறையும்: தீவகத்துக் கடலோரங்களில் யார்க்கு எது?

கடற்கரைக்குச் சென்று பொழுது போக்குவது மேனாட்டார் கற்றுத் தந்த வழக்கம் என்று எண்ணுவார் நம்மிடையே உளர். இங்கிலாந்தில் பிரைற்றன் என்னும் மீனவர் ஊர், நீராடுவோர் கூடும் நகரமாய் மாறியது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான். இளங்கோவடிகளோ, அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே, இந்திரவிழா முடிந்த பின் புகார் மக்கள் கடலாடச் சென்ற கோலத்தை நம் கண்முன் நிறுத்திவிட்டார். ஊடியிருந்த மாதவியின் உளங் களிக்கக் கோவலன் அவளை அழைத்துச் செல்கிறான். அவன் கோவேறு கழுதையின்மேல் ஏறி வருகிறான். அவள் வண்டியில் வருகிறாள். பல நாட்டு வணிகரும் பல தொழிலாளரும் நெருங்கிக் கிடந்த அந்தப் பெருங்கரையில், இருவரும் தமக்கென ஓர் இடம் தேர்கின்றனர். புன்னை மரத்தின் அடி, ஓவியந் தீட்டிய திரையால் மறைவு, மேலே விதானம். இடத்தேர்வில் யாதொரு குறையும் இல்லை. யாழை மடியில் வைத்த பின்னர் நேர்ந்தது வேறு கதை. அதற்குக் கடற்கரை பொறுப்பாகாது.

இதனை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கடற்கரை எல்லார்க்கும் ஒன்றாய்த் தோன்றினும், செல்வோரின் உள்ளமும் உடலும் தேவையும் ஒன்றல்ல. குழந்தைகளைக் கைப்பிடித்துச் செல்லும் தாய்க்கு வேண்டுவது வேறு. மாணாக்கர் கூட்டத்தோடு புறப்படும் ஆசிரியர்க்கு வேண்டுவது வேறு. தனிமை நாடுவோனுக்கு வேறு. நேர்த்திக்கடன் உடைய முதியவளுக்கு வேறு. விடுமுறை வந்ததும் "எந்தக் கடற்கரைக்குப் போவோம்?" என்று கேட்கிறோம். "நாம் யார்? எதற்காகப் போகிறோம்?" என்று முதலிற் கேட்பின் பாதி விடை தானே வந்துவிடும்.

தமிழில் இவ்வேறுபாட்டுக்கு இரு சொற்கள் உள. நிலம் கடலோடு முடியுமிடம் கரை. மனிதர் இறங்கவும் ஏறவும் பயன்கொள்ளும் இடம் துறை. கரை இயற்கை செய்தது. துறை மனிதரின் தேவை செய்தது. யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் வெறுங்கரை மிகுதி; ஆயினும் வரலாறு முழுவதும் துறைகளிலேயே நடந்திருக்கிறது. ஊர்காவற்றுறை என்னும் பெயரே அதற்குச் சான்று. போர்த்துக்கேயர் அதனைத் தம் மொழியில் துறை என்னும் பொருள்பட வழங்கிய சொல்லே பின்னர் ஆங்கிலத்திற் 'கயிற்ஸ்' ஆயிற்று. ஒல்லாந்தரோ தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன், காரைதீவு அம்ஸ்ரடாம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டடாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற். இவற்றுள் பின்னதொன்றே இன்றும் பரவலாக வழங்குகிறது. ஏனையவை பழைய வரைபடங்களில் உறங்குகின்றன.

இடத்தைத் தேர்வதற்கு முன் காற்றைத் தேர்தல் வேண்டும். நம் கடலோடிகளுக்குக் காற்று நான்கு. வடகிழக்கினின்று வருவது வாடை, தென்மேற்கினின்று வீசுவது சோளகம், மேற்கே கச்சான், கிழக்கே கொண்டல். ஏறத்தாழ வைகாசி தொடங்கி ஆவணி வரை சோளகம் ஓயாது அடிக்கும். அப்பொழுது தென்மேற்கு நோக்கிய கரைகளில் மணல் முகத்தில் அறையும்; வடக்கு நோக்கிய கரைகள் அமைதியாய் இருக்கும். ஐப்பசிக்குப் பின் வாடை எழுந்தால் இது தலைகீழாகும். பங்குனி, சித்திரை மாதங்களிற் காற்று இரண்டுங் கெட்டானாய்த் தணிந்து, கடல் குளம்போற் கிடக்கும் நாட்கள் உண்டு. வெயிலைப் பொறுப்பவர்க்கு அதனினும் நல்ல காலம் இல்லை. ஓர் ஊரின் முதியவரிடம், "ஐயா, கடல் எப்படி?" என்று கேட்டால், அவர் கடலைப் பார்த்து விடை சொல்லமாட்டார், பனையோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று நிமிர்ந்து பார்த்தே சொல்லுவார்.

குழந்தைகளோடு செல்வோர்க்குக் காரைநகரின் வடகரையே ஏற்றது. யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தொலைவு. பொன்னாலைப் பாலத்தின்மேற் செல்லும்போது இருபுறமும் பரவைக்கடல். மாரி கழிந்த மாதங்களில் நீர்ப்பறவைகளையும் காணலாம். சவுக்கு மரங்கள் வரிசையாய் நிற்பதால் அக்கரைக்கு அம்மரத்தின் ஆங்கிலப் பெயரே நிலைத்து, கசூரினாக் கடற்கரை ஆயிற்று. நெய்தற் பாட்டுகளிற் புன்னையும் தாழையும் ஞாழலும் உண்டு, சவுக்கு இல்லை. பிற்காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த மரம் அது. எனினும் அதன் நிழலிற் காற்று எழுப்பும் ஓசையைக் கேட்டோர், சங்கப் புலவர் இதனைக் கேளாது போயினரே என்று இரங்குவர். அங்கே கடல் மிக மெல்லச் சாய்ந்து செல்கிறது. நெடுந்தூரம் நடந்தும் நீர் இடுப்பளவைத் தாண்டாத இடங்கள் உண்டு. பாக்குநீரிணைப் பகுதி முழுவதுமே ஆழங் குறைந்த கடல். வற்றுப்பெருக்கின் வேறுபாடும் சிறிது. ஆதலின், தென்னிலங்கைக் கரைகளில் எழும் பேரலை இங்கே இல்லை.

ஆழமில்லை என்னும் அந்த நம்பிக்கையே சிலருக்கு ஆபத்தாயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இக்கரையில் நீராடச் சென்று உயிரிழந்த இளைஞர் உளர். வாடைக்காலத்தில் நீர் கலங்கிக் கிடக்கும்போதும், மது அருந்திய பின்னும் கடலில் இறங்குவது அறிவுடைமை அன்று. மாணாக்கரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், நீந்தத் தெரிந்த இருவரை முன்னே நிறுத்தி, அவர்களைத் தாண்டி எவரும் போகலாகாது என்று எல்லை வகுத்துவிடுவது நன்று. பெண்களுக்கு உடைமாற்றும் அறை திறந்திருக்கிறதா, உப்பைக் கழுவ நன்னீர் கிடைக்குமா என்பனவற்றை முன்னரே கேட்டறிக. மாதவிக்குக் கிடைத்த ஓவியத் திரை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. விடுமுறை நாட்களில் ஒலிபெருக்கியும் கூட்டமும் மிகுதி. அமைதி வேண்டுவோர் வாரநாளிற் செல்லலாம், அன்றேல் அணித்தேயுள்ள கோவளத்து வெளிச்சவீட்டுப் பக்கம் ஒதுங்கலாம். 1916ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட அந்த வெள்ளைக் கோபுரம், அந்தி வேளையில் சவுக்கங் காட்டினும் அழகிது என்பது என் கருத்து. மார்கழித் திருவாதிரையை ஒட்டிச் செல்வோர்க்கு ஈழத்துச் சிதம்பரத் தரிசனமும் உடன் கிட்டும்.

முதியோர்க்கும், தொலைதூரம் செல்ல இயலாதார்க்கும் வேலணைத் தீவின் சாட்டிக் கடற்கரையைச் சொல்வேன். பண்ணைப் பாலத்தைக் கடந்து, மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் விட்டு மேற்கே சென்றால் சிறிது நேரத்தில் அடையலாம். வெண்மணற் பரப்பு, பனைகள், அமைந்த கடல். சிந்தாத்திரை மாதா கோயில் அருகிலுண்டு. இசுலாமியர் வழிபடும் பள்ளிவாசலும் உண்டு. இக்கரை தெற்கு நோக்கியது. ஆதலின், வாடைக்காலத்துப் பகற்பொழுதிலும் இங்கே அமர்ந்திருக்கலாம். சோளகத்தில் மணலுக்கு அஞ்சுவோர் காலையிலேயே வந்து திரும்பிவிடுக.

ஆனால், சாட்டியின் சிறப்பு மணலில் இல்லை. மணலின் கீழே உள்ள நீரில் இருக்கிறது. கடலுக்கு இவ்வளவு அண்மையிற் கிணறு தோண்டினால் நன்னீர் ஊறுவது எங்ஙனம் என்று மாணாக்கர் வியப்பர். மாரியிற் பெய்த மழை மணலினூடும் சுண்ணக்கல்லினூடும் இறங்குகிறது. நன்னீர் உவர்நீரினும் எடை குறைந்தது. ஆதலால், கீழே நிற்கும் கடல்நீரின்மேல், நடுவிற் தடித்து ஓரத்தில் மெலிந்த ஒரு வில்லைபோல் அது மிதக்கிறது. அளவாய் அள்ளும்வரை நன்னீர். இயந்திரம் வைத்து மிகுதியாய் இறைத்தால், கீழிருக்கும் உவர் மேலே ஏறிவிடும். அவ்வாறு கெட்ட கிணறு மீண்டும் இனிப்பதற்குப் பல மாரிகள் கழியவேண்டும். தீவகத்தில் ஆறு இல்லை, ஏரி இல்லை, ஐப்பசி கார்த்திகை மழையே ஆண்டு முழுமைக்கும் முதல். கோடையில் தாங்கி ஊர்தி கொண்டுவரும் நீருக்குக் குடங்களை வரிசையாய் வைத்துக் காத்திருக்கும் ஊர்கள் இத்தீவுகளில் உண்டு. நீராடிவிட்டு வரும் ஒருவர், உடம்பிலுள்ள உப்பைக் கழுவுவதற்காகக் கொட்டும் நாலு வாளி நீர், அவ்வூரிற் சிறு குடும்பம் ஒன்றின் ஒருநாட் பாவனைக்கு ஈடாகலாம். கடற்கரைகளுக்குப் புதிய விடுதிகள் கட்டத் திட்டமிடுவோர், அறைகளின் எண்ணிக்கையைக் கணிப்பதற்கு முன் கிணற்றின் ஆழத்தைக் கணித்தல் வேண்டும். வருவோர்க்குக் கரையைத் தேர்ந்து கொடுப்பது எளிது. அக்கரை எத்தனை பேரைத் தாங்கும் என்பதை ஊரவரே அறிவர். அவர்களைக் கேட்பார் இல்லை.

வரலாற்று மாணவன் மணலைத் தேடிப் போகவேண்டியதில்லை. அவன் ஊர்காவற்றுறைக்குப் போகட்டும். நீராடுவதற்கு உகந்த கரை அங்கே இல்லை. ஆனால், இறங்குதுறையில் நின்றால், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீரின் நடுவில் ஒரு கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் எழுப்பிய அதனை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர்; குடிநீர் அற்றுப்போனமையே உள்ளிருந்தோரைப் பணியச் செய்தது என்று எழுதுவர். நீரின் நடுவில் நீரின்றித் தோற்றவர்கள்! இலங்கைத் தீவு ஒரு பன்றித் தொடைபோலக் கிடக்கிறது எனக் கண்டு, அதன் குதிகால் என்னும் பொருளில் 'ஹம்மன்ஹீல்' எனப் பெயரிட்டனர் ஒல்லாந்தர். உண்போர் கண்ணுக்கு நாடும் உணவாய்த் தோன்றியிருக்கிறது. பிற்காலத்திற் சிறையாகவும் பயன்பட்டு, இன்று கடற்படையின் பொறுப்பில் விருந்தினர் விடுதியாய் விளங்குகிறது. காரைநகர்க் கரையிலிருந்து 'பாதை' என நாம் வழங்கும் மிதவையில் ஏறி இத்துறைக்கு வருவதே ஒரு சிறு கடற்செலவு.

இத்துறையின் பழமைக்கு நயினாதீவிற் கிடைத்த கல்வெட்டே சிறந்த சான்று. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, பன்னிரண்டாம் நூற்றாண்டில், தமிழிலேயே பொறிப்பித்த ஆணை அது. ஊராத்துறையில் வந்திறங்கும் பிறநாட்டாரைக் காக்கவேண்டும் என்கிறது. மேலும், உடைந்த கலங்களைப் பற்றி விதி வகுக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடையின், நாலில் ஒரு பங்கு அரசுக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. ஏனைச் சரக்கேற்றிய கலம் உடையின் இருவர்க்கும் பாதி பாதி. போர்விலங்குகளைக் கொண்டுவரும் வணிகன் அஞ்சி நின்றுவிடலாகாது என்னும் அரசனின் கணக்கு அதில் தெரிகிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இக்கல்வெட்டை ஆராய்ந்து வெளியிட்டார். அல்லைப்பிட்டி மணலிற் கிடைத்த, சொங் மரபினர் காலத்துச் சீனப் பாண்ட ஓடுகளையும் இதனோடு சேர்த்து எண்ணுக. இன்று நாம் 'வெறுங்கரை' என்று கடந்துபோகும் இடத்தில் ஒருகாலத்துச் சீனத்துக் கிண்ணங்கள் இறக்கப்பட்டிருக்கின்றன. சாட்டிக்கு நீராடப் போகும் வழியில், மாணாக்கருக்கு வண்டியை நிறுத்தி இதனைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

வழிபடுவோர்க்கு நயினாதீவு. வேலணையிலிருந்து தாம்போதி வழியே புங்குடுதீவை அடைந்து, குறிகட்டுவானில் படகேறினால் கால் மணி அல்லது இருபது நிமிடத்தில் அக்கரை. ஆனித் திருவிழாவில் நாகபூசணி அம்மன் கோயிலுக்குச் செல்லும் கூட்டத்தைத் துறை தாங்காது. அது சோளகக் காலம், படகு ஆடும். கைக்குழந்தை உடையோரும் முதியோரும் காலைப் படகிற் சென்று, காற்று ஏறுமுன் திரும்புதல் நலம். தெற்கிலிருந்து வரும் பௌத்தர்கள் அங்குள்ள நாகவிகாரையை நாடுவர். மணியாசனத்துக்காகப் போரிட்ட நாக அரசர் இருவரைப் புத்தர் சமாதானஞ் செய்த இடம் இது என்று மகாவம்சத்தை ஆதாரங் காட்டுவர். ஒரே படகில், ஒரே பலகையில், வெண்ணூல் கட்டிய கையும் திருநீறு பூசிய நெற்றியும் அருகருகே அமர்ந்திருப்பதைக் காணலாம்.

தமிழ் பயில்வோர்க்கு அங்கே இன்னொருத்தியும் உண்டு. உவவனத்தில் உறங்கிய மணிமேகலையை மணிமேகலா தெய்வம் எடுத்துச் சென்று, தெற்கே முப்பது யோசனைத் தொலைவில் மணிபல்லவத்தின் மணலில் வைத்துவிட்டுப் போகிறது. விழித்த பெண் தோழியைக் காணாள், ஊரைக் காணாள், தனியளாய் அழுது கரையில் அலைகிறாள். பின்னரே பீடிகையும், பழம்பிறப்பின் அறிவும், கோமுகிப் பொய்கையில் அமுதசுரபியும். உ. வே. சாமிநாதையர் 1898இல் இந்நூலைப் பதிப்பித்த நாள்முதல், மணிபல்லவம் எது என்னும் ஆராய்ச்சி நடக்கிறது. நயினாதீவே என்பாரும், குடாநாட்டையே அது குறிக்கும் என்பாரும், இவ்விரண்டையும் மறுப்பாரும் உளர். அவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால், தான் தேர்ந்தெடுக்காத ஒரு கரையில் விழித்தெழுந்த பெண்ணின் திகைப்பை, நயினாதீவின் ஆளற்ற கரையோரம் ஒன்றில் அமர்ந்து படிக்கும் மாணவி, வகுப்பறையிற் படித்தவளினும் ஒருபடி மேலாகவே உணர்வாள்.

தனிமை வேண்டுவோன் நெடுந்தீவுக்குச் செல்க. குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்செலவு. அன்றே திரும்புவதாயின் கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். காற்று மாறினால் படகு வராது. வராவிட்டால் இரவு அங்கேதான். இதனைத் தொல்லை என்று கருதுவோர் போகவேண்டா. ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர்ப் பரப்புள்ள தட்டையான தீவு. கரையின் பெரும்பகுதி பவளச் சுண்ணக்கல். வெறுங்காலோடு ஓடியாடும் குழந்தைகளுக்கு ஏற்றதன்று. பவளக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தின்றி அடுக்கிய வேலிகள் தெருத்தோறும் செல்லும். உட்புகுந்து நிற்கத்தக்க பொந்துடைய பெருக்கு மரம் ஒன்று; ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு; புறாக்கூடு; வெடியரசன் பெயரால் வழங்கும் கோட்டை. எல்லாவற்றினும் மேலாக, தெற்கு வெளியில் திரியும் குதிரைகள். ஐரோப்பியர் வளர்த்து விட்டுச்சென்றவற்றின் வழித்தோன்றல்கள் அவை. 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆயினும், கடுங்கோடையில் நீரின்றி அவை மடிந்த ஆண்டுகளும் உண்டு. இங்கும் தண்ணீரே.

மாவிலித்துறையில் இறங்குவோர் அருகிலுள்ள நினைவுத்தூபியைக் காணாது செல்லலாகாது. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட 'குமுதினி' படகிற் சென்ற பயணிகள் பலர், குழந்தைகள் உட்பட, நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் ஊரவர் அங்கே கூடுவர். அவ்வேளையிற் செல்ல நேர்ந்த விருந்தினர், புகைப்படக் கருவியை உறையில் இட்டுச் சற்று ஒதுங்கி நிற்பதே முறை.

எழுவைதீவு, அனலைதீவுகளுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து படகுண்டு. அங்கே உறவினர் உடையோர் செல்லலாம், ஏனையோர்க்கு வசதி குறைவு. கச்சதீவு அந்தோனியார் திருநாளுக்கு மட்டும். குடிநீரையும் கையோடு கொண்டுபோகவேண்டும்.

கடந்து வந்த புங்குடுதீவை விட்டுவிட்டோம். குறிகட்டுவானுக்கு விரையும் வண்டிகள் எல்லாம் அதனை ஊடறுத்துச் செல்கின்றன, இறங்குவார் சிலரே. 1990ஆம் ஆண்டையொட்டித் தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். புங்குடுதீவார் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் பிரான்சிலும் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். கூரை போன கல்வீடுகளும், வாசலில் முளைத்த ஆலமரமும் தெருவோரத்தில் நிற்கின்றன. இவ்வூர்க் கரைக்கு வருவோர் வேறொரு வகையினர். அவர்களுக்குத் தேர்வு என்பதே இல்லை. தாத்தா வள்ளம் இழுத்த கரை எது என்று கேட்டு வருவார்கள். நீராடுவதற்கும் அன்று, காற்று வாங்குவதற்கும் அன்று. தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசும் பிள்ளைக்குத் தகப்பன், "இங்கேதானடா" என்று மணலைச் சுட்டிக் காட்டுவதைக் கண்டிருக்கிறேன். பிள்ளை மணலைப் பார்க்கிறான். வேறென்ன காண்பது என்று தகப்பனைப் பார்க்கிறான்.

அத்தகையோர் தென்கரையிலுள்ள கண்ணகை அம்மன் கோயிலுக்கும் போவர். அதன் கிணற்றில், சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களும் நன்னீர் அள்ளும் உரிமை பெறவேண்டும் என்று 1971இல் சத்தியாக்கிரகம் நடந்தது. முன்னின்றவர் எழுத்தாளரும் ஆசிரியருமான மு. தளையசிங்கம்; அவ்வூரவர். அதன்பொருட்டுத் தாக்குண்ட அவர் 1973இல், நாற்பது வயது நிரம்பும் முன்னரே மறைந்தார். 'புதுயுகம் பிறக்கிறது' என்னும் அவருடைய சிறுகதைத் தொகுதியைப் பையில் வைத்துக்கொண்டு அக்கிணற்றடிக்குப் போகும் மாணவர் இக்காலத்தும் இருப்பாராயின், அவர்களுக்கு ஏற்ற கரை இதுவே. கோயிலிலிருந்து கடல் சில அடி தூரம். பிற்பகலிற் போக வேண்டும். முற்பகல் வெயிலில் அங்கே நிழல் இல்லை.